வாய் திறக்காமல் இருப்பது மட்டும் காப்பாகுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வல்லரசுகளின் பூசலில் சிங்கப்பூர் வாய் திறக்காமல் இருப்பதே நல்லது என்றும், உக்ரேன் படையெடுப்புக்காக 2022இல் ரஷ்யா மீது தடை விதித்தது வேண்டாத வேலை என்றும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய அச்சம் எனக்குப் புரிகிறது. அவருடைய முடிவை ஏற்க முடியவில்லை.

ஆர்ச்சர்ட் சாலையின் செங்கல் கட்டடமான மெக்டோனல்ட் ஹவுஸை நம்மில் பலர் அன்றாடம் கடந்து போகிறோம். மலேசியா உருவானதை இந்தோனேசியா எதிர்த்துவந்த காலத்தில், 1965 மார்ச் 10ஆம் தேதி, சாதாரண உடையில் வந்த இந்தோனேசியக் கடற்படை வீரர்கள் இருவர் அங்கே வைத்த குண்டுக்கு மூன்று பேர் பலியானார்கள். அந்த வீரர்களுக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை, அப்போது நம் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலும் உறுதிசெய்த பிறகு, அவர்களுக்காக உயிர்ப்பிச்சை கேட்டவர் இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோ. நாம் தனி நாடாகி அப்போது மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பிரிட்டிஷ் படைகளோ வெளியேறப் போவதாக அறிவித்துவிட்டன. ஆயினும் 1968 அக்டோபர் 17ஆம் தேதி தண்டனை நிறைவேறியது. ஜகார்த்தாவில் நம் தூதரகம் சூறையாடப்பட்டது. பெரிய அண்டை நாடு கேட்டது என்பதற்காகத் தீர்ப்பை மாற்றியிருந்தால், அடுத்து வரும் கோரிக்கையை எந்த முகத்தோடு மறுத்திருப்போம்?

இத்துடன் 1973ஐயும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜகார்த்தா சென்ற பிரதமர் லீ குவான் இயூ, கலிபாத்தா வீரர் மயானத்தில் அதே இருவரின் கல்லறைகள் மீதும் தம் கையால் மலர் தூவினார். தண்டனை தவறு என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அந்த மக்களின் துக்கத்துக்கு மதிப்பளித்தார். இரு நாட்டு உறவு சீரடைய அது வழிவிட்டது. சட்டத்தில் விட்டுக்கொடுக்காமல் நிற்பதும், பிறகு நாமே முதலில் இறங்கிச் சென்று மனத்தாங்கலைத் தீர்ப்பதும் ஒரே கொள்கையின் இரு பகுதிகள் என்றே நான் கருதுகிறேன். காயம் முழுவதும் ஆறிவிடவில்லை என்பதும் உண்மைதான். 2014இல் இந்தோனேசியா தன் போர்க்கப்பலுக்கு அவ்விருவரின் பெயரைச் சூட்டியபோது நாம் கண்டனம் தெரிவிக்க வேண்டியிருந்தது.

நட்பு நாடு என்பதற்காகவும் நாம் விலக்கு அளித்ததில்லை. 1983இல் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வாழ்ந்த கரீபியன் தீவு நாடான கிரெனடாவில் அமெரிக்கப் படைகள் இறங்கியபோது, ஐநா பொதுச் சபையில் அமெரிக்காவுக்கு எதிராகவே வாக்களித்தோம். அன்று அப்படி வாக்களித்த நாடு, உக்ரேன் விவகாரத்தில் மட்டும் ஒதுங்கியிருந்தால் அதன் சொல்லை யார் நம்புவார்கள்?

மெக்டோனல்ட் ஹவுஸுக்கு எதிரே, டோபி காட் பசுந்திடலில் 2015இல் நினைவுச் சின்னம் ஒன்று எழுப்பப்பட்டது. அங்கே பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களும் பெற்றோரும் குண்டுவெடிப்பைச் சொல்வதோடு நின்றுவிடாமல், கலிபாத்தாவில் தூவப்பட்ட மலர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்று தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சிங்கப்பூர்