அண்ணனைக் கட்டில்லேர்ந்து இறக்கு

டேய் சேகரு,

உன் மெசேஜ் பாத்தேன். அண்ணன் ஆஸ்பத்திரிலேர்ந்து வந்துட்டார், முழு ரெஸ்ட், கட்டிலை விட்டு இறங்கவே விடறதில்லன்னு பெருமையா வேற போட்டிருக்க. ரெண்டு வரில பதில் போடலாம்னுதான் போனை எடுத்தேன், இது ரெண்டு வரில அடங்கற சமாச்சாரம் இல்லன்னு தோணிச்சு, அதான் லெட்டர். ஏன்டா இத்தனை மாசமா பேச்சு மூச்சே இல்லன்னு கேட்டிருந்தல்ல, நெஜமாவே மூச்சு இல்லாமதான்டா இருந்தேன். அண்ணனுக்கு வந்த அதே கதைதான். வைரஸ் காய்ச்சல், அது நெஞ்சுல இறங்கி நிமோனியா, அப்பறம் ஐசியூ, ஆக்சிஜன். யாருக்கும் சொல்லாதீங்கன்னு வீட்ல சொல்லி வெச்சிருந்தேன், முக்கியமா ராஜாமணிக்கு. அவனுக்குத் தெரிஞ்சிருந்தா எனக்கு இரங்கல் கூட்டம் போட ஆள் சேக்க ஆரம்பிச்சிருப்பான்.

இங்க எல்லாரும் சௌக்கியம், பெரியவ வேலைக்குப் போறா, சின்னவன் மாறவே இல்ல. விஷயத்துக்கு வரேன்.

அண்ணனை மொதல்ல எழுப்பி சேர்ல உக்கார வைடா. அண்ணி சண்டைக்கு வருவாங்க, தெரியும், என்னைத் திட்டச் சொல்லு. டாக்டர் நடக்கலாம்னு சொல்லிட்டாரான்னு ஒரு தடவை கேட்டுக்கோ, சொல்லிட்டாருன்னா அதுக்கு மேல படுக்கை வேண்டாம். என்னை டிஸ்சார்ஜ் பண்றப்ப மாத்திரை சீட்டு இவ்ளோ நீளத்துக்கு குடுத்தாங்க, இனிமே எப்படி நடக்கணும், எப்படி மூச்சு விடணும், எப்படிக் குளிக்கணும்னு ஒருத்தர் வாயைத் திறக்கணுமே. அந்தக் கோவம் எனக்கு இன்னும் போகல. அப்பறம் நெஞ்சு டாக்டர் ஒருத்தர்தான் நுரையீரல் ரீஹேப்னு, நோய்க்கு அப்பறம் உடம்பைத் தேத்தற பயிற்சி ஒண்ணு இருக்கு, போய் சேருங்கன்னு அனுப்பினார். சாதாரணமா வாரத்துக்கு 2, 3 நாள், ஒரு 6லேர்ந்து 12 வாரம் வரைக்கும் போகும்.

மொத நாள் போனா அந்த பிசியோதெரபிஸ்ட் அம்மா நேரா என் கால்ல வெயிட்டைக் கட்டுது. ஏம்மா நோய் நெஞ்சுல, நீங்க எதுக்கு காலைப் புடிக்கிறீங்கன்னு கேட்டேன். அது சிரிக்கவே இல்ல. சார், நுரையீரலுக்குன்னு தனியா எக்சர்சைஸ் கிடையாது, அது தானா விரியற தசை இல்ல, கீழ இருக்கற உதரவிதானம்ங்கற தசையும் விலா எலும்புக்கு நடுவுல இருக்கற தசையும் இழுத்தாதான் அது விரியும், அதெல்லாம் கூட அப்பறம், இப்ப உங்களுக்கு மூச்சு வாங்கறதுல பெரிய பங்கு உங்க தொடைக்குன்னு சொல்லிச்சு. எனக்கு ஒண்ணும் புரியல. அப்பறம் பொறுமையா விளக்கிச்சு. ஐசியூல படுத்தா தொடைத்தசைதான் வேகமா கரையுமாம். கரைஞ்ச தசை கொஞ்சம் வேலை செஞ்சாலே திணறி சீக்கிரமே லாக்டிக் ஆசிட்டைக் கக்கும், அதை சரிக்கட்ட கார்பன் டை ஆக்சைடு அதிகமா உண்டாகும், அதை வெளிய தள்ள நுரையீரல் கூடுதலா உழைக்கணும், அதனாலதான் பாத்ரூம் வரைக்கும் போய்ட்டு வந்தாலே இரைக்குது. தொடை தேறிச்சுன்னா அதே நடைக்கு மூச்சு கம்மியா செலவாகும், நுரையீரல் இருந்தது இருந்தபடியே இருந்தாலும்.

எனக்கு சந்தேகம், உனக்குத் தெரியுமே என் புத்தி, நெட்ல நோண்டினேன். கனடால ஐசியூல மோசமான நுரையீரல் பாதிப்புல இருந்து பொழைச்ச 109 பேரை 5 வருஷம் விடாம பாத்திருக்காங்க, 2011ல வெளியாச்சு. 5 வருஷம் கழிச்சு ஊதிப் பாக்கற டெஸ்ட்ல அவங்க நுரையீரல் கிட்டத்தட்ட நார்மல். ஆனா 6 நிமிஷத்துல நடந்தது, வரிசைப்படுத்தினா நடுவுல வர ஆளுக்கு, 436 மீட்டர்தான், அவங்க வயசுக்கு நடக்க வேண்டியதுல 76 சதவீதம். நெஞ்சு தேறியும் ஆள் தேறலடா. அதப் படிச்ச அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. மறுநாள்லேர்ந்து அந்தம்மா சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினேன், நம்ம கணக்கு வாத்தியாருக்குக் கூட அப்படி ஆட்டினதில்ல.

அந்த 6 நிமிஷ டெஸ்டை எனக்கும் வெச்சாங்க. 30 மீட்டர் வராண்டா, ரெண்டு முனையிலயும் ஒரு கூம்பு, போய்ட்டு வந்துட்டே இருக்கணும். ஓடக்கூடாது. நின்னு சுவத்துல சாஞ்சுக்கலாம், ஆனா கடிகாரம் நிக்காது. விரல்ல ஆக்ஸிமீட்டர், ரத்தத்துல ஆக்சிஜன் எத்தனை சதவீதம்னு காட்டற கிளிப். முடிச்சதும் மூச்சுத்திணறலுக்கு 0லேர்ந்து 10க்குள்ள நீயே மார்க் போடணும், போர்க்னு ஒரு ஸ்வீடன்காரர் பண்ணின ஸ்கேல். பயிற்சி பண்றப்ப அது 3, 4ல நிக்கணும்னு எனக்கு உத்தரவு, அதாவது மூச்சு வாங்கணும் ஆனா ஒரு வாக்கியம் பேச முடியணும். மொத டெஸ்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ஒரு 30 மீட்டர் கூடினாலே அது நெஜமான முன்னேற்றம்னு எடுத்துப்பாங்களாம். ஒரே ஒரு வராண்டா நீளம்! எனக்கு அதை விட கூடிச்சு, வீட்டுக்கு வந்து எல்லார்கிட்டயும் தம்பட்டம் அடிச்சேன், யாரும் கண்டுக்கல.

மூச்சுப் பயிற்சிக்குன்னு மூணு பந்து வெச்ச அந்த பிளாஸ்டிக் டப்பா அண்ணனுக்கும் குடுத்திருப்பாங்க. என் பக்கத்து சேர்ல ஒரு பெரியவர், ரொம்ப நாளா அதை ஊதிட்டே இருந்திருக்கார், பந்து எழும்பலன்னு ஆஸ்பத்திரி மேலயே கோவம். ஊதறதுக்கு இல்லடா அது, மெதுவா உள்ள இழுக்கணும். அண்ணன் என்ன பண்றார்னு பாரு. அதை இழுத்துட்டேன் இன்னிக்கு வேலை முடிஞ்சுதுன்னு அவரை படுக்கவும் விடாதே, அது நடைக்கு மாத்து இல்ல.

இப்ப ஒண்ணு சொல்றேன், கிண்டல் இல்லாம கேளு. இதுல மூச்சுத்திணறலை விடப் பெரிய வில்லன் பயம். மூச்சு வரலங்கற பயம் எப்படி இருக்கும்னு வந்தவனுக்குத்தான் தெரியும். ராத்திரி திடீர்னு எழுந்து உக்காந்துப்பேன், ஆக்ஸிமீட்டர்ல 97 காட்டும், ஆனா நெஞ்சு அடைக்கும், விரல் நுனியெல்லாம் மரத்துப் போகும். அது ஆக்சிஜன் கொறைஞ்சதனால இல்ல, பயத்துல மேல் நெஞ்சால வேகவேகமா இழுத்து கார்பன் டை ஆக்சைடை அளவுக்கு மேல வெளிய தள்ளிடறதனாலன்னு அப்பறம்தான் தெரிஞ்சுது. பயந்தா நடக்க மாட்டோம், நடக்கலன்னா இன்னும் தளரும், தளர்ந்தா இன்னும் மூச்சு வாங்கும், இன்னும் பயம். அண்ணன் எழுந்திருக்க மாட்டேங்கறது சோம்பேறித்தனம்னு நீ நெனச்சிருந்தா அந்த நெனப்பை இப்பவே விட்டுடு. அவர்கிட்ட பயமா இருக்கான்னு நேரா கேளு. அவர் இல்லம்பார். திரும்பக் கேளு.

அந்த நேரத்துக்குன்னு ஒரு வித்தை இருக்கு. சேர்ல உக்காந்து முன்னால சாஞ்சு முழங்கைய தொடை மேல ஊணிக்கணும், தோளைத் தளர விடணும். மூக்கால ரெண்டு எண்ணற வரைக்கும் இழுத்து, உதட்டைக் குவிச்சு நாலு எண்ணற வரைக்கும் விடணும், மெழுகுவர்த்தி சுடர் ஆடணும் ஆனா அணையக்கூடாது, அவ்ளோ மெதுவா. உதடு குவிச்சு விடறப்ப உள்ள கொஞ்சம் அழுத்தம் நிக்கும், மூச்சுக்குழாய் சீக்கிரம் மூடிக்காது. படி ஏறறப்ப நின்னு இழுத்துக்கோ, ஏறும்போது விடு. குனியறப்பவும் எழுந்திருக்கறப்பவும் அப்படித்தான், கஷ்டமான வேலை எதுவோ அப்ப மூச்சு வெளிய போகணும். குளிக்க ஸ்டூல் போட்டுக் குடு, நின்னு குளிச்சா பாதி நாள் சக்தி அங்கயே போயிடும்.

சரி, இவ்ளோ சொன்னதும் நீ என்ன பண்ணுவன்னு எனக்குத் தெரியும், நாளைக்கே அவரை மைதானத்துக்கு இழுத்துட்டுப் போவ. அவரும் பழைய ஓட்டக்காரர், நாலு நாள் நல்லா இருந்தா அஞ்சாம் நாள் ஓடிப் பாப்பார். அதுதான் இப்ப என் கவலையே. வைரஸ் வந்துட்டுப் போன சில பேருக்கு அன்னிக்கு நல்லா நடந்துட்டு மறுநாளோ அதுக்கு மறுநாளோ அடிச்சுப் போட்டாப்ல ஆயிடும், தலை பாரம், உடம்பு வலி, புத்தி மந்தம். அது வந்துச்சுன்னா விடாம பண்ணு விடாம பண்ணுன்னு தள்ளக்கூடாதுடா, அவங்களுக்கு அதிகமா பண்ணப் பண்ண மோசமாத்தான் ஆகும், அளவைக் கொறைச்சு அவர் உடம்பு தாங்கற எல்லைக்குள்ளயே வெச்சுக்கணும். உலக சுகாதார நிறுவனம் கொரோனா சமயத்துல நோயாளிங்களுக்குன்னு ஒரு சின்ன கையேடு போட்டுது, அதுல பயிற்சிய 5 கட்டமா பிரிச்சு, ஒவ்வொண்ணுலயும் கொறைஞ்சது 7 நாளாவது இருந்துட்டு அப்பறம் அடுத்ததுக்குப் போன்னு இருக்கு. ஓட்டமெல்லாம் ரொம்பப் பின்னால.

நெஞ்சு வலி, தலைசுத்தல், படபடப்பு, உக்காந்தும் அடங்காத மூச்சு, ஒரு கால் மட்டும் வீங்கறது, இதுல எது வந்தாலும் பயிற்சியும் வேண்டாம் லெட்டரும் வேண்டாம், நேரா டாக்டர். ஒரு கால் வீக்கம்னா ரத்தம் கட்டியிருக்கலாம், அதை வலின்னு நெனச்சு தேச்சு விட்டுட்டு இருக்காதே. ஆக்ஸிமீட்டர் ரீடிங் எவ்ளோக்குக் கீழ போனா நிறுத்தணும்னு அவரோட டாக்டரைக் கேட்டு எழுதி ஒட்டு, எனக்கு 90ன்னு சொன்னாங்க. விரல் ஜில்லுன்னு இருந்தா மெஷின் பொய் சொல்லும், தேச்சு சூடு பண்ணிட்டு கையை ஆட்டாம வெச்சுப் பாரு.

எழுதினது போதும், சின்னவன் லேப்டாப்பைக் கேட்டு உயிரை எடுக்கறான். அண்ணன்கிட்ட ஞாயித்துக்கிழமை நானே பேசறேன், உன் கையில போன் இருக்கக்கூடாது, நடுவுல பூந்து அட்வைஸ் பண்ணுவ. அடுத்த மாசம் எனக்கு மறுபடியும் அந்த வராண்டா டெஸ்ட் இருக்கு. அண்ணனும் அதுக்குள்ள எங்கயாவது சேந்துட்டார்னா ரெண்டு பேருல யாருக்கு அதிகமா கூடுதுன்னு பாக்கலாம், பந்தயத்துக்கு சாட்சி ராஜாமணி வேண்டாம், அந்த சைக்கிள் விவகாரம் மறக்கல.

உன்
குமார்