1945-இல் முடிந்துவிடாத ஒரு விமானியின் கதை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப்போரில் போலந்து விமானிகள் ஆற்றிய பங்கைப் பற்றித் தங்களின் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். 1940-இல் பிரிட்டனின் வானத்தைக் காத்தவர்கள் என்றாலே ஆங்கிலேய இளைஞர்களை மட்டும் நினைத்துப் பழகிவிட்ட நமக்கு, அந்தப் போரில் 145 போலந்து விமானிகள் பங்கேற்றார்கள் என்பதை எடுத்துச் சொன்ன வகையில் அது பயனுள்ள கட்டுரைதான். ஆனால் அவர்களுள் ஒருவரான ஸ்டானிஸ்வாவ் ஸ்கால்ஸ்கியைப் பற்றிய பகுதியில், 1947-இல் அவர் தாய்நாடு திரும்பியதை "அரசியல் அறியாமை" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுக் கட்டுரையாளர் முடித்துக்கொண்டார். அவ்வளவு எளிதாகச் சொல்லிவிடக் கூடிய விஷயமல்ல அது என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஸ்கால்ஸ்கி 1915 நவம்பர் 27 அன்று, இன்றைய உக்ரைனில் உள்ள கொதிமா என்னும் ஊரில் பிறந்தவர். டெம்ப்ளின் நகரின் புகழ்பெற்ற விமானப்படை அதிகாரிகள் பள்ளியில் பயின்று, 1938-இல் தோருன் நகரில் இருந்த 142-ஆம் படையணியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே போர் வந்தது. அப்போது போலந்து விமானிகளிடம் இருந்த பி.11 விமானம், மூடப்படாத விமானி அறையும் மடக்க இயலாத சக்கரங்களும் கொண்டது. மணிக்கு 400 கிலோமீட்டரைக்கூட எட்டாதது. எதிரில் வந்த ஜெர்மானியப் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட்டோ 500 கிலோமீட்டரை எளிதாகத் தாண்டக்கூடியது. துரத்திப் பிடிக்கவும் முடியாது, ஓடித் தப்பவும் முடியாது என்ற நிலையில், குறுகிய வட்டத்தில் சட்டென்று திரும்பும் தன் விமானத்தின் ஆற்றல் ஒன்றை மட்டும் நம்பித்தான் அவர்கள் மேலே எழும்பினார்கள். அப்படியிருந்தும் செப்டம்பர் மாதச் சண்டையிலேயே ஸ்கால்ஸ்கி பல எதிரி விமானங்களை வீழ்த்தினார்.

போரின் முதல் நாளில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கட்டுரையாளர் விட்டுவிட்டார். செப்டம்பர் 1 அன்று ஜெர்மானிய வேவு விமானம் ஒன்று சுடப்பட்டுத் தரையில் விழுந்தது. ஸ்கால்ஸ்கி தம் விமானத்தை அருகிலேயே இறக்கி, அதிலிருந்த காயம்பட்ட இரு ஜெர்மானியர்களுக்கும் முதலுதவி செய்து காயங்களுக்குக் கட்டுப் போட்டார். எதிரிப்படை எல்லையைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்த அந்தக் காலைப்பொழுதில், ஓர் இருபத்துமூன்று வயது இளைஞருக்கு இது தோன்றியது என்பதை, அவர் வீழ்த்திய விமானங்களின் பட்டியலைவிட நான் பெரிதாக மதிக்கிறேன். அந்தப் பட்டியலும் பதினெட்டு, இருபத்திரண்டு என்று எழுதுபவருக்கு எழுதுபவர் மாறித்தான் வருகிறது. பரபரப்பான வான்சண்டையில் உரிமை கோரப்பட்ட எண்ணிக்கைக்கும் எதிரியின் உண்மையான இழப்புக்கும் பொருத்தம் இருக்காது என்பது எல்லா நாட்டு விமானப்படைகளுக்கும் பொதுவான செய்தி.

செப்டம்பர் 17 அன்று சோவியத் படைகளும் கிழக்கிலிருந்து நுழைந்த பிறகு, விமானிகளுக்கு ருமேனிய எல்லையைத் தவிர வேறு வழி இல்லாமல் போயிற்று. ருமேனியா, பெய்ரூட், பிரான்ஸ் என்று சுற்றி, 1940 சனவரியில் ஸ்கால்ஸ்கி பிரிட்டன் சேர்ந்தார். அங்கே மைல் கணக்கு, அடிக் கணக்கு, ஆங்கிலத்தில் வரும் கம்பியில்லாக் கட்டளைகள் எல்லாமே புதிது. தரையிறங்கும் முன் சக்கரங்களை வெளியே இறக்க வேண்டும் என்பதும்கூடச் சக்கரம் மடங்காத விமானங்களில் பழகியவர்களுக்குப் புதிய பாடம்தான். போலந்து விமானிகள் தரையில் மூன்று சக்கர மிதிவண்டிகளை ஓட்டிக்கொண்டே, காதில் கேட்கும் கட்டளைக்கு ஏற்ப அணிவகுத்துத் திரும்பிப் பழகினார்கள். போரில் அனுபவம் பெற்று வந்தவர்களைப் பள்ளிப் பிள்ளைகள் போல் நடத்தினார்கள் என்ற மனக்குறை அவர்களுக்கு இருந்ததில் வியப்பில்லை.

1940 ஆகஸ்ட் இறுதியில் ஸ்கால்ஸ்கி பிரிட்டிஷ் விமானப்படையின் 501-ஆம் ஸ்குவாட்ரன் என்னும் படையணியில் சேர்ந்தார். செப்டம்பர் 5 அன்று அவருடைய ஹரிக்கேன் போர் விமானம் தீப்பிடித்தது. தீக்காயங்களோடு பாராசூட்டில் குதித்து, பல வாரங்கள் மருத்துவமனையில் கிடந்தார். 1943-இல் துனிசியாவில் "ஸ்கால்ஸ்கியின் சர்க்கஸ்" என்று பெயர் பெற்ற சிறு போலந்துக் குழுவுக்கும், அதன்பின் பிரிட்டிஷ் விமானப்படையின் 601-ஆம் ஸ்குவாட்ரனுக்கும், 1944-இல் மஸ்டாங் விமானங்கள் கொண்ட ஒரு போலந்துப் பெரும்பிரிவுக்கும் தலைமை தாங்கினார். இவையெல்லாம் கட்டுரையில் விரிவாகவே வந்துள்ளன. நான் மீண்டும் சொல்ல வேண்டியதில்லை.

இனி 1947-க்கு வருகிறேன். ஒருவர் எடுத்த முடிவை அறியாமை என்று சொல்வதற்கு முன், அந்த நேரத்தில் அவர் கண்முன் இருந்த வழிகள் எவை என்று பார்ப்பதுதான் முறை. 1945 பிப்ரவரியில் யால்டாவில், போலந்தைச் சோவியத் செல்வாக்குக்கு உட்பட்ட நாடாக விட்டுக்கொடுக்க வல்லரசுகள் இசைந்தன. அதே ஆண்டு சூலையில் பிரிட்டன், இலண்டனில் இருந்த நாடுகடந்த போலந்து அரசுக்கு அளித்துவந்த அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டு, சோவியத் ஆதரவு பெற்ற வார்சா அரசை ஏற்றது. எந்த அரசின் பேரில் ஆறாண்டுகள் போரிட்டார்களோ, அந்த அரசு ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் இல்லாததாகிவிட்டது. 1946 சூன் 8 அன்று இலண்டனில் நடந்த வெற்றி அணிவகுப்பில், மேற்கில் போரிட்ட போலந்துப் படைகளுள் விமானிகளுக்கு மட்டும் அழைப்பு வந்தது. மோன்டே காசினோவிலும் நார்மண்டியிலும் மடிந்த தம் தரைப்படையினருக்கு இல்லாத மரியாதை தமக்கு வேண்டாம் என்று அவர்கள் அதை மறுத்தார்கள்.

பிரிட்டிஷ் அரசு மறுகுடியேற்றப் படை என்ற ஓர் ஏற்பாட்டைச் செய்து, போலந்து வீரர்கள் குடிமை வாழ்க்கைக்கு மாற இரண்டு ஆண்டு அவகாசம் தந்தது உண்மைதான். அதே நேரத்தில், இயன்றவர்கள் ஊர் திரும்புவதே நல்லது என்ற வேண்டுகோளையும் அது அச்சிட்டு அவர்கள் கையில் கொடுத்தது. தொழிற்சங்கங்களோ இவர்கள் வேலைக்கு வருவதை எதிர்த்துக் குரல் கொடுத்தன. தங்கியவர்களில் பெரும்பாலோர் இனி விமானத்தில் ஏறவே முடியாது என்ற நிலை. முப்பத்தொரு வயதில், பறப்பதைத் தவிர வேறு தொழில் அறியாத ஒருவருக்கு இது என்ன வழி? எதிர்ப்புறத்தில் தாய்நாடு இருந்தது. அங்கே அவருடைய தாயார் இருந்தார். 1947 பிப்ரவரியில் வார்சா அரசு பொதுமன்னிப்புச் சட்டம் ஒன்றையும் கொண்டுவந்திருந்தது. திரும்பியவருக்கு விமானப்படைத் தலைமையகத்தில் பதவியும் கிடைத்தது. போலந்தில் அரசியல் காவல்துறையின் கை ஓங்கியிருந்தது என்பதற்கு அறிகுறிகள் இல்லாமல் இல்லை. போலந்து விமானிகளின் 303-ஆம் ஸ்குவாட்ரனுக்குத் தலைமை தாங்கிய விட்டோல்ட் உர்பானோவிச் 1946-இலேயே போலந்துக்குப் போய், பாதுகாப்புப் பிரிவினரிடம் சிக்கி, எப்படியோ மீண்டு அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். இது என் வாதத்துக்கு எதிரான சான்று என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் படை அதிகாரிகள் மீதான மிகக் கொடிய வேட்டை 1948-க்குப் பிறகுதான் தொடங்கியது. நமக்கு இப்போது தெரிந்த முடிவை 1947-இல் இருந்தவர் தலையில் ஏற்றிவைப்பது நியாயமாகாது.

1948 சூன் 4 அன்று ஸ்கால்ஸ்கி மேற்கு நாடுகளுக்கு உளவு பார்த்தார் என்ற குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். வார்சாவின் ராகோவியெட்ஸ்கா தெருவில் உள்ள மொகொதூவ் சிறையில் விசாரணை என்ற பெயரில் சித்திரவதை நடந்தது. பிரிட்டிஷ் அரசு அவர் மார்பில் குத்திய பதக்கங்களே, விசாரித்தவர்கள் கண்ணில் துரோகத்தின் அடையாளங்களாகத் தெரிந்தன. 1950 ஏப்ரல் 7 அன்று மரண தண்டனை விதிக்கப்பட்டது. கதவு திறக்கும் ஓசை கேட்கும்போதெல்லாம் தமக்குத்தானோ என்று எண்ணிக் கிடக்க வேண்டிய அந்தக் கொட்டடியிலிருந்து அவரை மீட்டது, போலந்து அதிபர் பியெரூத்துக்கு அவருடைய தாயார் எழுதிய கருணை மனு. தண்டனை ஆயுள் சிறையாகக் குறைந்தது. எட்டாண்டுகளை நெருங்கிய பின், 1956 ஏப்ரலில், ஸ்டாலின் காலத்து இறுக்கம் தளர்ந்தபோது விடுதலையானார். வழக்கும் பொய்யென்று ஒதுக்கப்பட்டது.

அவருக்குக் கிடைத்த நல்வாய்ப்புகூட எல்லாருக்கும் கிடைக்கவில்லை. டெம்ப்ளின் பள்ளியின் தளபதியாகப் போருக்குப் பின் பணியாற்றிய ஷ்செபான் ஷ்ச்சிபோர், பெர்னார்ட் அதமெட்ஸ்கி உள்ளிட்ட ஆறு விமானப்படை அதிகாரிகள் 1952 ஆகஸ்ட் 7 அன்று அதே மொகொதூவ் சிறையில் கொல்லப்பட்டார்கள். அவர்கள் செய்ததாகச் சொல்லப்பட்ட சதி முழுக்கப் புனைவு என்பதை நான்கே ஆண்டுகளில் அதே அரசு ஒப்புக்கொண்டது. ஸ்கால்ஸ்கியைத் தனி ஒருவரின் துயரக் கதையாகச் சொல்லும்போது இந்தப் பெயர்கள் விட்டுப்போய்விடுகின்றன என்பதுதான் என் வருத்தம்.

மேற்கிலேயே தங்கியவர்களின் வாழ்க்கையும் ஒரே மாதிரி அமையவில்லை. இரண்டு போலந்து ஸ்குவாட்ரன்களுக்குத் தலைமை தாங்கிய ஃபிரான்சிஷெக் கோர்னிட்ஸ்கி, போருக்குப் பின் விடுதி நடத்தி, 1951-இல் பிரிட்டிஷ் விமானப்படையிலேயே, ஆனால் விமானியாக அல்லாமல் உணவு வழங்கும் பிரிவில், சேர்ந்தார். 2017-இல் நூறு வயதில் அவர் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் பிரிட்டிஷ் மக்கள் ஸ்பிட்ஃபயர் விமானிகளுள் அவரை வாக்களித்து முதலிடத்தில் வைத்தார்கள். மற்றொரு போலந்து விமானியான யான் ஜும்பாக் கடத்தல் தொழிலில் இறங்கி, பின்னர் ஆப்பிரிக்காவில் கட்டாங்காவிலும் பியாஃப்ராவிலும் கூலிக்கு விமானம் ஓட்டினார். யாரையும் இங்கே எடைபோட நான் முயலவில்லை. தங்கியதற்கும் அவர்கள் விலை கொடுத்தார்கள் என்று காட்டவே இவர்களைக் குறிப்பிடுகிறேன்.

விடுதலைக்குப் பின் ஸ்கால்ஸ்கி மீண்டும் விமானப்படைச் சீருடை அணிந்தார் என்பது, தம்மைச் சாகடிக்க முனைந்த அரசிடமே திரும்பிப் போனார் என்று சிலருக்கு உறுத்தலாம். எனக்கு உறுத்தவில்லை, படை அரசுக்கு மட்டும் உரியதல்ல என்று அவர் எண்ணியிருந்தால் அதில் தவறில்லை. 1939 போரைப் பற்றி நூல் எழுதினார். 1972-இல் ஓய்வு பெற்றார். 1988-இல்தான் ஜெனரல் ஆக்கப்பட்டார். தொண்ணூறுகளில் அவர் ஈடுபட்ட கட்சி அரசியல் அவருக்குப் பெருமை சேர்க்கவில்லை என்பது என் கருத்து. 2004 நவம்பர் 12 அன்று வார்சாவில் காலமானார்.

கடைசியாக ஒரு திருத்தம். போரின் முதல் நாளிலேயே போலந்து விமானப்படை தரையில் வைத்து அழிக்கப்பட்டது என்று கட்டுரையின் படக்குறிப்பு ஒன்று கூறுகிறது. அது ஜெர்மானியப் பிரசாரம் பரப்பிய செய்தி. படையணிகள் போருக்கு முன்பே நிரந்தரத் தளங்களை விட்டு ஒதுக்குப்புறமான புல்வெளி ஓடுதளங்களுக்கு மாற்றப்பட்டிருந்தன. தளங்களில் அழிந்தவற்றில் பெரும்பாலானவை பயிற்சி விமானங்களும் பழைய விமானங்களும்தான். அடுத்த இதழில் இதைத் திருத்தி வெளியிடுவதுடன், 1945 முதல் 1956 வரையிலான பகுதியைத் தனிக் கட்டுரையாக எழுதித் தருமாறு கட்டுரையாளரைத் தாங்கள் கேட்டுக்கொண்டால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.