வீடு திரும்பியவர்களையும் விசாரியுங்கள்

சொந்த வேலையைப் பார்த்துக்கொண்டே, தேவைப்படும்போது ராணுவப் பணிக்கும் செல்லும் பிராந்திய ராணுவத்தினரைப் பணிக்கு அழைக்க ராணுவத் தலைமைத் தளபதிக்கு மத்திய அரசு 2025 மே மாதம் அதிகாரம் அளித்தது குறித்த தங்கள் கட்டுரையைப் படித்தேன். திரும்பி வருபவர்களின் மனநலம் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. நிரந்தர வீரர் முகாமுக்குத் திரும்புகிறார். சுற்றிலும் அதே அனுபவம் உள்ளவர்கள். பிராந்திய ராணுவ வீரரோ நேராகத் தன் கடைக்கோ அலுவலகத்துக்கோ போகிறார். அப்படிக் காஷ்மீரில் பணி முடித்து வந்த என் உறவினர் மாதக்கணக்கில் இரவெல்லாம் எழுந்து கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்த்துக்கொண்டே இருந்தார். வேலையிடத்தில் ‘லீவு முடிஞ்சுதா?’ என்றுதான் கேட்டார்கள். அது அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தம் என்பது எங்களுக்கே வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

பணி முடித்து அனுப்பும் படைப்பிரிவே, ஓராண்டுக்காவது மாதம் ஒருமுறை தொலைபேசியில் விசாரிக்க வேண்டும். 14416 என்ற, அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண்ணை வீரரிடம் மட்டுமல்ல, குடும்பத்தாரிடமும் கொடுக்க வேண்டும்.

– ஒரு வாசகி, கோயம்புத்தூர்