பீரங்கி பார்த்த திசை

அரசரடி, மதுரை
வியாழக்கிழமை ராத்திரி

அன்புள்ள மாப்ளைக்கு,

முதலில் திட்டி முடித்துவிடு, அப்புறம் படி. உன் மகள் வளைகாப்புக்கு வரவில்லை, தீபாவளிக்கு ஒரு போன் இல்லை, நீ போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. எல்லாம் என் தப்புதான். உடம்பு சரியில்லை என்று சொல்லலாம். ஆனால் கணக்கு வாத்தியாரிடம் நான் சொன்ன வயிற்றுவலிக்குச் சாட்சி சொன்னவனே நீதான், உன்னிடம் அது எடுபடாது.

இங்கே எல்லாரும் நலம். வீட்டில் அவளுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, எனக்குத்தான் இல்லை. குண்டுமணி வீட்டை விற்றுவிட்டுத் திருமங்கலம் போய்விட்டான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டு மாதம் சிங்கப்பூரில் இருந்தேன். பெரியவளுக்குப் பிரசவம். பேரன், மூன்று கிலோ, என் மூக்கு. பாவம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகன், "மாமா, லாப்ரடார் பார்க் வரை போய்ட்டு வருவோமா?" என்றார். எனக்கும் நாய்க்கும் உள்ள பொருத்தம் உனக்குத் தெரியும். (எல்லீஸ் நகர் கதையை இதுவரை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாய்?) ஊர் நாயெல்லாம் வந்து கூடும் இடம் என்று நினைத்துக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று செருப்பை விட்டுவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். போய்ப் பார்த்தால் அது ஒரு கோட்டை, மாப்ள.

கோட்டை என்றதும் திண்டுக்கல் மலைக்கோட்டை மாதிரி நினைக்காதே. மெட்ரோவில் இறங்கி ஓர் ஓடைக்கரையோடு போக வேண்டும். அலையாத்தி மரங்களுக்கு நடுவே பலகைப் பாதை, முக்கால்வாசி தூரம் நிழல். ஓடை முடியும் இடத்தில் கடல். கரையில் குடும்பம் குடும்பமாக அடுப்பு மூட்டிக் கறி சுடுகிறார்கள். பின்னால் ஒரு குன்று. குன்றின் மேல் மரத்துக்கும் கொடிக்கும் நடுவே பழைய சுவர், சிமெண்ட் மேடை, ஒரு பீரங்கி, பூட்டிக் கிடக்கும் சுரங்க வாசல். வெள்ளைக்காரன் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய பாசிர் பாஞ்சாங் கோட்டை அதுதான். கெப்பல் துறைமுகத்தின் மேற்கு வாசலுக்குக் காவல். நேர் எதிரே தண்ணீருக்கு அந்தப் பக்கம் இன்னொரு கோட்டை, சிலோசோ. நடுவில் எந்தக் கப்பல் நுழைந்தாலும் இரண்டு பக்கமும் அடி.

அந்த எதிர்த் தீவுக்குப் பழைய பெயர் புலாவ் பிளாக்காங் மத்தி. மலாயில் அதற்கு 'பின்னால் சாவு' என்கிற மாதிரி அர்த்தமாம். பட்டாளம் போன பிறகு, 1972-இல் பெயரை மாற்றினார்கள்: செந்தோசா. நம்ம சந்தோஷம்தான், சமஸ்கிருதத்திலிருந்து மலாய்க்குப் போய் 'அமைதி' ஆகியிருக்கிறது. இன்றைக்கு ஊரே அங்கேதான் உல்லாசத்துக்குப் போகிறது.

இன்னொன்று கேள். கடலோரத்தில் 'டிராகன் பல்' என்று ஒரு பாறை நின்றதாம். 14-ஆம் நூற்றாண்டுச் சீன வியாபாரி ஒருத்தரே அந்த வாசலைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். 1848-இல் கப்பல் போக வழி போதவில்லை என்று வெள்ளைக்காரன் அதை வெடி வைத்துத் தகர்த்தான். 2005-இல் அதே மாதிரி ஒன்று செய்து கரையில் நிறுத்தியிருக்கிறார்கள். தகர்த்து 157 வருஷம் கழித்து நகல்! நான் சிரித்தேன். அப்புறம் நம்ம ஊர் ஞாபகம் வந்தது, சிரிப்பு நின்றுபோனது. அந்தக் காலத்தில்தானே பிளாக்பர்ன் கலெக்டர் மதுரைக் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தார்? 72 கொத்தளம், 72 பாளையக்காரர் என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தோமே, அந்தக் கோட்டை. இடித்த இடம்தான் வெளி வீதிகள். வேலையை நடத்தியவர்கள் பேரில்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும். அங்கே இடித்த கல்லுக்கு நகல் வைத்தார்கள். நாம் இடித்தவருக்கு விளக்குத்தூண் வைத்தோம். குறை சொல்லவில்லை, ஊர் மூச்சு விட்டது உண்மை. ஆனால் பெரியார் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மிச்சமிருக்கும் அந்த ஒரு கொத்தளத்தை, காலேஜுக்குப் போன காலத்தில் ஒரு நாளாவது நிமிர்ந்து பார்த்திருப்போமா? நாம் நிமிர்ந்து பார்த்ததெல்லாம் எது என்று உனக்கே தெரியும்.

லாப்ரடாரும் தானாகப் பிழைக்கவில்லை. 1951-இல் காப்புக்காடு ஆக்கினார்கள், 1973-இல் அந்தத் தகுதியை எடுத்துவிட்டுச் சும்மா பூங்கா என்றார்கள். மெயின் தீவில் மிச்சமிருக்கும் ஒரே பாறைக் கடலோரம், அடியில் கடற்புல் வேறு. இயற்கை ஆர்வலர்கள் விடாமல் கேட்டு, 2002-இல் மறுபடி காப்பிடம் ஆயிற்று. 29 வருஷம்! நம்மால் ஒரு தெருவிளக்குக்கு 29 நாள் அலைய முடியவில்லை.

இதையெல்லாம் சொல்ல மட்டும் பேனாவை எடுக்கவில்லை, மாப்ள.

அந்தப் பீரங்கிக்கு முன்னால் நின்றபோது உன் தாத்தா குரல் கேட்டது. சத்தியமாக. திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலையை மென்றுகொண்டு, "பீரங்கி பூராவும் கடலைப் பாத்துக் கெடந்துச்சு, ஜப்பான்காரன் கொல்லைப்பக்கமா சைக்கிள்ல வந்துட்டான்" என்பாரே. நாம் விழுந்து விழுந்து சிரிப்போம். வகுப்பில் யார் ஏமாந்தாலும் "பீரங்கி கடலைப் பார்க்குது" என்று கத்துவோம். தாத்தாவே ஒருநாள் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

கதை முக்கால்வாசி சரிதான். மலாயா வழியாகச் சைக்கிளில் இறங்கியதும் உண்மை. ஆனால் பீரங்கியில் பலதைத் தரைப்பக்கம் திருப்பிச் சுடத்தான் செய்தார்களாம். கோளாறு குண்டில். பெரும்பாலும் கப்பல் இரும்பைத் துளைக்கச் செய்த குண்டுகள். ஆள்மேல் சுட்டால் மண்ணுக்குள் போய்ப் புதைந்துகொள்ளும். 1942 பிப்ரவரி 15-இல் ஊர் விழுந்துவிட்டது.

தாத்தா அப்போது கெப்பல் துறைமுகத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார் இல்லையா? நான் நின்ற குன்றிலிருந்து பார்த்தால் அந்தத் துறைமுகம்தான். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயசு இருந்திருக்கும். குண்டுச் சத்தம் அவர் காதில் விழுந்திருக்கும். அங்கேதான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்தக் கதைக்கு இன்னொரு பாதி இருந்தது, மாப்ள. பீரங்கிச் சிரிப்பு முடிந்ததும் அவர், "அதுக்கப்புறம் சயாமுக்கு..." என்று தொடங்குவார். ஒரு தடவை இல்லை, பல தடவை. அதற்குள் நாம் பம்பரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்போம். அவரும் பொடி டப்பியைத் தேடுவார்.

சயாம் என்றால் இன்றைய தாய்லாந்து. அங்கிருந்து பர்மாவுக்கு ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதை 415 கிலோமீட்டர், 1942-43-இல் போட்டது. வெள்ளைக்காரக் கைதிகளைப் பற்றித்தான் உலகம் பேசுகிறது. அங்கே செத்த தமிழனுக்குக் கணக்கே சரியாக இல்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோனார்கள். உன் தாத்தா அதில் போய்த் திரும்பி வந்தவரா? உன் அப்பா ஏதாவது சொல்லியிருக்கிறாரா? தாத்தாவுக்கு வலது கையில் இரண்டு விரல் மடங்காதே, அதற்கு நாம் என்ன பெயர் வைத்திருந்தோம் என்று நினைத்தால் இன்றைக்கு எனக்குக் கூசுகிறது.

பேரனைத் தூக்கிக்கொண்டு வந்திருந்த என் மகள், "ஏம்ப்பா ஒரு மாதிரி இருக்கீங்க?" என்றாள். முழங்கால் வலி என்றேன். அவள் நம்பிவிட்டாள், உன்னைப் போல இல்லை.

மேலூர் அத்தை வீட்டுப் பரணில் தாத்தாவின் தகரப் பெட்டி இன்னும் இருக்கிறதா? நீல பெயிண்ட் அடித்தது, பூட்டு துருப்பிடித்தது. நாம் கோலியை ஒளித்து வைத்து அடி வாங்கியது. அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது, தள்ளிப்போடாதே. வரும் ஞாயிறு உனக்குத் தோது என்றால் கோயம்புத்தூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடி. ஆரப்பாளையத்தில் நான் நிற்கிறேன். சுத்தியலும் மண்ணெண்ணெயும் நான் கொண்டுவருகிறேன். நீ சும்மா கையை வீசிக்கொண்டு வா, வழக்கம்போல.

இப்படிக்கு,
உன் பங்காளி

பி.கு.: உனக்கென்று தைலம் வாங்கி வந்தேன். பாதியை நானே தேய்த்துவிட்டேன்.