ஜூலை இடத்துக்குப் பிப்ரவரியிலேயே துண்டு போட வேண்டும்

அன்பு மாப்ளே சுந்தரம்,

உன் மெயில் வந்து ரொம்ப நாள் ஆகிவிட்டது. பதில் போடாததற்குக் காரணம் சோம்பேறித்தனம்தான், வேறொன்றுமில்லை. ரிடையர் ஆன மறுநாள் காலையிலும் குளித்து, சட்டையை இன் பண்ணிக்கொண்டு வாசலில் வந்து நின்றாய் என்று படித்ததும் வசந்தி சிரித்த சிரிப்பு உனக்குக் கேட்டிருக்க வேண்டும். தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்பது நல்ல செய்தி. செல்வம் மகள் கல்யாணப் படங்களையும் பார்த்தேன். அவன் தலைமுடி மட்டும் எப்படி இன்னும் அப்படியே கறுப்பாக இருக்கிறது என்று விசாரித்து எழுது.

இங்கே ஜனவரி. வாசலில் பனியை அள்ளி அள்ளி முதுகு போய்விட்டது. கனடாவுக்கு வந்து டொராண்டோவை ஒட்டிய இந்த மார்க்கத்தில் வீடு வாங்கும்போது இந்த நீளமான டிரைவ்வே ரொம்பப் பிடித்திருந்தது. இப்போது அதைப் பார்த்தாலே எரிச்சல்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன் பையன் கார்த்தி ஒரு ஆர்.வி. (கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி) வாடகைக்கு எடுத்து, உன்னையும் தங்கச்சியையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு நயாகரா, ஒட்டாவா, மாண்ட்ரியல், கியூபெக் என்று பத்து நாள் சுற்றிக் காட்டப் போவதாகச் சொல்கிறான், இது சரிப்பட்டு வருமா என்று எழுதியிருந்தாய். வண்டி எடுப்பது நல்ல யோசனை, தாராளமாக எடுக்கச் சொல். அந்த ரூட் மட்டும் வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். நீ மனதில் வைத்திருப்பது ஷூட்டிங்கில் ஹீரோ ஏசி போட்டு உட்காரும் கேரவன். அது ஓரமாக நிற்கும். இதை நாம் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். கார்த்தி பார்த்து வைத்திருப்பது கிளாஸ் சி என்று சொல்வார்கள், டிரைவர் தலைக்கு மேலேயும் ஒரு படுக்கை துருத்திக்கொண்டிருக்கும் வகை. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் கார் ஓட்டுகிற சாதாரண ஜி லைசென்ஸே போதும். 11,000 கிலோ வரை அதில் ஓட்டலாம், இந்த வண்டி அதில் பாதியைச் சுற்றித்தான் இருக்கும். சட்டப்படி எந்தத் தடையும் இல்லை. ஆனால் ரோட்டில் ஓடும்போது உள்ளே இருக்கிறவர்களுக்கு அது வீடு இல்லை. எல்லோரும் பெல்ட் போட்டு உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அம்மா பின்கட்டிலில் படுத்துக்கொண்டு வரலாம் என்று கார்த்தி சொல்லியிருந்தால் அது நடக்காது. சாப்பாட்டு மேஜையை ஒட்டிய சீட்டு செங்குத்தாக இருக்கும், சாயவே முடியாது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அலமாரிக்குள் தட்டும் டம்ளரும் ஒரு பாத்திரக்கடையே கவிழ்ந்த மாதிரி சத்தம் போடும். 78 வயதில் அம்மாவை அதில் கியூபெக் வரைக்கும் கூட்டிப் போவது பாவம்.

செலவையும் பார். இங்கிருந்து கியூபெக் நகரமே ஒரு வழிக்கு 800 கிலோமீட்டர். நயாகராவையும் சேர்த்தால் போய்வர 2,000 வைத்துக்கொள். இந்த வண்டி நூறு கிலோமீட்டருக்கு 20 முதல் 25 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். வாடகையும் சும்மா இல்லை. ஜூலையில் ஓர் இரவுக்கு 200, 300 டாலர் என்று கேட்பார்கள். பெரும்பாலும் ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரம்பு வைத்து, அதைத் தாண்டினால் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தனியாக வாங்குவார்கள். இன்சூரன்ஸ் தனி, சுத்தம் செய்ய ஒரு கட்டணம், எல்லாவற்றுக்கும் மேல் 13 சதவீதம் வரி. இவ்வளவும் கொடுத்துவிட்டு மாண்ட்ரியலில் வண்டியை நிறுத்த இடம் தேடி அலையணுமா? பழைய கியூபெக்கின் தெருக்கள் நம்ம மதுரை மாசி வீதிக்குள்ளே இருக்கிற சந்துகளைவிடக் கொஞ்சம்தான் அகலம். அந்த ஊர்களைப் பார்க்க ரயிலிலோ காரிலோ போய் ஓட்டலில் தங்குங்கள்.

நான் சொல்வது இது. வண்டியை எடுங்கள், வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஏரிக்கரையில் இருக்கும் ஒரு பூங்காவுக்குப் போங்கள், நிறுத்திவிட்டு நாலு நாள் அங்கேயே இருங்கள். நின்றுகொண்டிருக்கும்போதுதான் அந்த வண்டி கொடுத்த காசுக்கு உழைக்கும்.

எந்த இடம் என்று கேட்பாய். டார்லிங்டன் ரொம்பப் பக்கம், எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் 401 நெடுஞ்சாலை பக்கத்திலேயே போகிறது, கரையோரமாகக் கொஞ்சம் தள்ளி அணுமின் நிலையம் வேறு. வண்டியைப் பழகிப் பார்க்க ஓர் இரவு தங்கலாம், அவ்வளவுதான். சிம்கோ ஏரியில் சிப்பால்ட் பாயின்ட் நன்றாக இருக்கும், சனி ஞாயிறு என்றால் திருவிழாக் கூட்டம். என் ஓட்டு பிரெஸ்கீலுக்குத்தான். பிரைட்டன் என்ற சின்ன ஊரை ஒட்டி ஒன்ராறியோ ஏரிக்குள் நீண்டு போகும் நிலம். முனையில் 1840இல் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கிறது. ரோடு முழுக்கச் சமதளம், அம்மா மெதுவாக நடக்கலாம். பறவைகள் அதிகம். நீ காலேஜில் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்ததை நான் மறக்கவில்லை. அந்தப் பைனாகுலரில் நீ பார்த்தது பறவைகளை இல்லை என்பதையும் மறக்கவில்லை, தங்கச்சியிடம் சொல்ல மாட்டேன்.

அல்கான்குவின் போகாமல் எப்படி என்று கார்த்தி குதிப்பான். 1893இல் அமைத்த பூங்கா, 7,600 சதுர கிலோமீட்டர், ஏரி ஏரியாக இருக்கும். அழகில் அதற்கு நிகர் இல்லைதான். ஆனால் மூன்று மணி நேர ஓட்டம். அதுவும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் 400 நெடுஞ்சாலையில் ஊரே வடக்கே கிளம்பும், ஐந்து மணி நேரம்கூட ஆகிவிடும். மூஸ் என்ற பெரிய மானைப் பார்க்கணும் என்றால் மே, ஜூனில் வந்திருக்க வேண்டும். குளிர்காலத்தில் ரோட்டில் தூவிய உப்பு ஓரப் பள்ளங்களில் தேங்கியிருக்கும், அதை நக்க அவை காட்டை விட்டு வெளியே வந்து நிற்கும். கூடவே பிளாக் ஃபிளை என்று ஒரு பூச்சியும் அதே மாதங்களில் வரும், காதுக்குப் பின்னால் கடித்து ரத்தமே வரவைத்துவிடும். நீ ஆகஸ்ட் வரை இருந்தால் நாம் இரண்டு பேர் மட்டும் காரில் ஒரு வியாழக்கிழமை போகலாம். ஆகஸ்ட் வியாழக்கிழமை இரவுகளில் பூங்கா ஆட்கள் காட்டைப் பார்த்து ஓநாய் போல ஊளையிடுவார்கள், ஓநாய்கள் பதிலுக்கு ஊளையிடும். 1963இலிருந்து நடக்கிறது. முந்தின இரவு ஓநாய்க் கூட்டம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் நடத்துவார்கள், இல்லையென்றால் இல்லை.

இப்போது அம்மா விஷயம். கூடாரம் போட்டுத் தங்குவதில் வயதானவர்களுக்குப் பெரிய பிரச்சினை ராத்திரி கழிப்பறைதான். டார்ச் எடுத்துக்கொண்டு, செருப்பைத் தேடிப் போட்டு, நூறு இருநூறு அடி இருட்டில் நடக்க வேண்டும். வண்டியில் கட்டிலிலிருந்து நாலு எட்டு வைத்தால் கழிப்பறை. இந்த ஒரு காரணத்துக்காகவே வாடகை கொடுக்கலாம். எங்கள் மாமியார் வந்திருந்தபோது நாங்கள் வண்டி எடுத்ததும் இதற்காகத்தான். ஒன்று மட்டும் அம்மாவுக்கு முன்னாலேயே சொல்லி வை. அந்தக் கழிப்பறை ரயிலில் இருப்பது மாதிரி காலால் மிதிக்கிற பெடல் உள்ளது, தண்ணீர் கொஞ்சமாகத்தான் வரும். கீழே கழிவுத் தொட்டியும் சின்னது. நாம் தண்ணீர் ஊற்றிக் கழுவும் ஆட்கள். ஒரு சொம்பு போதும் என்று சொல், வாளிக் கணக்கு வேண்டாம். குளிக்கவும் வண்டியை நம்பாதீர்கள். வெந்நீர் டேங்க் சுமார் 20 லிட்டர்தான், தலைக்குச் சோப்புப் போட்டு முடிப்பதற்குள் பச்சைத் தண்ணீர் வந்துவிடும். பூங்காவின் பொதுக் குளியலறையில் வெந்நீர் தாராளம். ஏறும் படி உயரமாக இருக்கும், அதனால் ஒரு சின்ன ஸ்டூல் எடுத்துப் போங்கள். தங்கச்சிக்கும் உதவும்.

சமையல்தான் இதில் சுகம். மூன்று அடுப்பு கேஸ், பிரிட்ஜ், சின்ன சிங்க். ஸ்கார்பரோவில் நம் கடைகளில் இட்லி மாவு, கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாம் கிடைக்கும், கிளம்பும்போது வாங்கிக்கொள்ளலாம். முதல் வேலையாக வண்டியைச் சமமாக நிறுத்தச் சொல். டயருக்கு அடியில் வைக்க மஞ்சள் கலர் பிளாஸ்டிக் கட்டைகள் கொடுப்பார்கள். அதை வைக்கச் சோம்பல்பட்டால் தோசை ஒரு பக்கமாக ஓடும், சாம்பார் சட்டியின் ஓரத்தில் போய் நிற்கும். கேஸில் ஓடும் பிரிட்ஜ் சாய்ந்து நின்றால் குளிர்விக்காது. தாளிப்பதை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள். கடுகு வெடித்து மிளகாய் வற்றல் போட்ட அடுத்த நொடி தலைக்கு மேல் புகை அலாரம் கத்தும், அது தெரு முழுக்கக் கேட்கும். எங்கள் மாமியார் கரண்டியோடு வெளியே ஓடிவந்து, பக்கத்து வண்டிக்காரர் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்து, பிறகு அவருக்கும் வெங்காயச் சட்னி போய்ச் சேர்ந்தது. மின்சாரம் உள்ள இடத்தைப் பிடித்தாலும் 30 ஆம்பியர்தான். ஏசி, மைக்ரோவேவ், வசந்தியின் 110 வோல்ட் மிக்சி மூன்றும் சேர்ந்தால் டப்பென்று டிரிப் ஆகும். ஏசியை அணைத்துவிட்டுச் சட்னி அரைக்க வேண்டியதுதான்.

கார்த்திக்குச் சில விஷயம் சொல்லணும். இதை அவனுக்கு அப்படியே ஃபார்வர்ட் பண்ணு. வண்டி உயரம் 11, 12 அடி. டிம் ஹார்ட்டன்ஸ் கடையின் டிரைவ் த்ரூவில், வண்டியை விட்டு இறங்காமலே காபி வாங்கலாம் என்று நுழைந்தால் கூரை போய்விடும், அங்கே உயரம் சுமார் 9 அடிதான். கூரையில் அடிபட்டால் பல பாலிசிகளில் காசு வராது. கிரெடிட் கார்டோடு வரும் வாடகைக் கார் இன்சூரன்ஸும் பொதுவாக இந்த வண்டிக்குச் செல்லாது, எனவே அவர்கள் கொடுப்பதை எடுத்துவிடட்டும். பின்சக்கரத்துக்குப் பின்னால் உடம்பு நீளமாகத் தொங்கும். இடது பக்கம் திருப்பினால் வால் வலது பக்கம் வீசும், பெட்ரோல் பங்க் தூண்கள் அடி வாங்குவது அப்படித்தான். யாராவது இறங்கிப் பின்னால் நின்று பார்க்காமல் ரிவர்ஸ் எடுக்கக் கூடாது. அது உன் வேலை. மதுரை பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் விசில் ஊதுவதைப் பார்த்து வளர்ந்தவன்தானே நீ.

வண்டியை வாங்கும்போது உள்ளேயும் வெளியேயும் கூரையையும் வீடியோ எடுத்துக்கொள்ளட்டும். ஒருமுறை எங்களுக்கு வண்டி கொடுத்தவர்கள், ஏற்கெனவே இருந்த ஒரு கீறலுக்கு டெபாசிட்டில் கை வைக்கப் பார்த்தார்கள். வீடியோவைக் காட்டினோம், பேச்சு நின்றது.

கடைசி நாள் கழிவுத் தொட்டியைக் காலி பண்ணுவது அவன் பொறுப்பு. கையுறை போட்டு, தடித்த குழாயை வண்டிக்கு அடியில் மாட்டி, மறுமுனையைப் பூங்காவில் இதற்கென்றே தரையில் இருக்கும் துளைக்குள் வைத்து, முதலில் கழிவறைத் தொட்டியின் வால்வை இழுக்க வேண்டும். அது முழுக்கக் காலியான பிறகு சிங்க் தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் அந்தச் சோப்புத் தண்ணீரே குழாயைக் கழுவிவிடும். வரிசையை மாற்றினால் நாற்றத்தை அவன்தான் சுமக்கணும். ஞாயிறு மதியம் அங்கே பதினைந்து வண்டி வரிசையில் நிற்கும். அதனால்தான் உங்களுக்கு ஞாயிறு மதியம் போய் வியாழன் காலை திரும்புகிற மாதிரி சொல்கிறேன், கூட்டமும் பாதிதான் இருக்கும். விறகு இங்கிருந்து கொண்டுபோக வேண்டாம், பூங்காவிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். விறகோடு சேர்ந்து ஆஷ் மரங்களைத் தின்னும் வண்டு ஊர் ஊராகப் பரவிவிட்டது. ராத்திரி பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது, உன் பழைய பாட்டுக் கச்சேரியை அதற்குள் முடித்துக்கொள்.

அவசரமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒன்ராறியோ பூங்காக்களில் இடம் ஐந்து மாதம் முன்னாடி, காலை 7 மணிக்குத் திறக்கும். நீங்கள் ஜூலை 12இல் போவதாக இருந்தால் பிப்ரவரி 12 காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும். மின்சாரம் உள்ள, ஏரி தெரியும் இடங்கள் கண்ணெதிரே காணாமல் போகும். முதலில் இடத்தைப் பிடித்துவிட்டு அப்புறம் வண்டியைத் தேடலாம், வண்டி எப்படியும் கிடைக்கும். இடத்துக்கு ஓர் இரவுக்கு 50, 60 டாலர் ஆகும், நான் கட்டிவிடுகிறேன், வந்த பிறகு கணக்குப் பார்ப்போம். ஆனால் டிக்கெட் தேதி தெரியாமல் நான் ஒன்றும் செய்ய முடியாது. விசா ஸ்டாம்ப் ஆகிவிட்டதா என்றும் நீ எழுதவில்லை.

அம்மாவுக்கு விசிட்டர் இன்சூரன்ஸ் எடுக்கும்போது பிரஷர் மாத்திரை விஷயத்தை மறைக்காமல் எழுதிக் கொடு. இங்கே ஆஸ்பத்திரிச் செலவு நம்மால் தாங்கக்கூடியது இல்லை. வசந்தி இரண்டு பாக்கெட் மணத்தக்காளி வற்றல் கேட்கிறாள். எனக்கு ஒன்றும் வேண்டாம், தேதியை மட்டும் இந்த வாரத்துக்குள் அனுப்பு.

அன்புடன்,
பாஸ்கர்