ஸ்டேஷன் கேமரா ஓடுகிறதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சட்டப்பேரவையில் காவல் துறையின் செலவுக்கு ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை வரும்போதெல்லாம் புது ரோந்து வாகனம், புதுக் கட்டடம், புதுக் கேமரா என்று அறிவிப்புகள் வருகின்றன. வாங்கிய கேமரா ஓடுகிறதா என்று ஓர் உறுப்பினர் எழுந்து கேட்டதாக நான் படித்ததில்லை.

2018-ல் சென்னை போலீஸார் 'மூன்றாவது கண்' என்று தெருத்தெருவாகக் கேமரா வைக்கச் சொன்னபோது, எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் பொருளாளர். வீட்டுக்கு 1,500 ரூபாய் வசூல். மூன்றாம் வீட்டு மாமி, "வரி கட்டறது போதாதா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். குறை சொல்ல மாட்டேன். மறு வருடமே செயின் பறித்தவனின் பைக் நம்பர் எங்கள் கேமராவில்தான் சிக்கியது. இதற்கு மேல், பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியிலிருந்து சென்னையின் பாதுகாப்பு நகரத் திட்டத்துக்கு ரூ.425 கோடி வேறு.

போன மாதம் தம்பி மகனின் பைக் காணாமல் போய் ஸ்டேஷனுக்குப் போனோம். எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். வாசலில் 'கேமரா கண்காணிப்பில் உள்ளது' என்று பலகை. புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதுக்காக ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தலைக்கு மேலே கேமரா. அதன் ஒயர் பிடுங்கப்பட்டுத் தொங்குகிறது. அந்த பிளக்கில் ஸ்டேஷன் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டரின் செல்போன் சார்ஜ் ஏறுகிறது. கேட்டதற்கு, "கம்ப்ளெயின்ட் குடுத்திருக்கோம் சார், வந்து பார்க்கறேன்னு சொல்லியிருக்காங்க" என்றார். ஸ்டேஷன்காரர்களுக்கே இந்தக் கதியா என்று சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன், ரசீது இன்னும் கைக்கு வரவில்லையே! கடைசியில் நகல் எடுக்க எதிர்க் கடைக்கு எங்களைத்தான் அனுப்பினார்கள். ஜெராக்ஸுக்குக்கூட அவர்களிடம் காசு இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எல்லாக் காவல் நிலையங்களிலும் நுழைவாயில், லாக்கப், தாழ்வாரம் என எல்லா இடத்திலும் ஒலியோடு பதிவாகும் கேமரா வேண்டும், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 2-ல் உத்தரவிட்டது. கேமரா ஓடுவதற்கு நிலைய அதிகாரியே பொறுப்பு. அந்த வருடம் ஜூனில்தான் சாத்தான்குளம் ஸ்டேஷனில் அடிபட்ட தந்தையும் மகனும் இறந்தார்கள். அந்த ஸ்டேஷன் கேமராவின் ஹார்டு டிஸ்க்கில் இடம் இருந்தும், பதிவுகள் அன்றாடம் தானாக அழியும்படி செட்டிங் வைத்திருந்ததை விசாரித்த மாஜிஸ்திரேட் அறிக்கையில் எழுதினார். 2022 ஏப்ரலில் சென்னையிலேயே, இரவு வாகனச் சோதனையில் பிடிபட்ட 25 வயது இளைஞர் மறுநாள் காவலில் இறந்தார். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போய்க் கொலை வழக்காக மாறியது, காவலர்கள் கைதானார்கள். குடும்பத்துக்கு அரசு அறிவித்தது ரூ.10 லட்சம். அதுவும் நம் வரிப் பணம்தான்.

ஆகவே அடுத்த மானியக் கோரிக்கையில் புதுக் கேமராவுக்கு ஒரு ரூபாய் ஒதுக்கும் முன், ஒவ்வொரு ஸ்டேஷன் வாசலிலும் மாதம் ஒருமுறை ஒரு தாள் ஒட்டச் சொல்லுங்கள்: எத்தனை கேமரா, எத்தனை ஓடுகிறது, எத்தனை நாள் பதிவு கையில் இருக்கிறது. பெரிய செலவில்லை. எங்கள் சங்கத்தில் தெருக் கேமராவின் பராமரிப்புக் கணக்கை மாதாமாதம் நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறோம். ஒரு மாதம் தவறினாலும் அந்த மாமி கதவைத் தட்டிவிடுவார்.

இப்படிக்கு,
முன்னாள் பொருளாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம், சென்னை