ஆவி வரலைன்னா மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்,

அயனித் திரவம்ங்கிற ஒரு வகை உருகின உப்புல செல்லுலோஸ (பஞ்சு, மரத்துல இருக்குற நார்ப்பொருள்) கரைக்கிறதப் பத்தி அறிவியல் பக்கத்துல வந்த கட்டுரை படிச்சேன், தமிழ்ல இதெல்லாம் வர்றது ரொம்ப சந்தோஷம். ஆனா கரைப்பான் ஆவியாகாது அதனால சுற்றுச்சூழலுக்கு கெடுதலே இல்லன்னு முடிச்சது எனக்கு சரியா படல.

கரைக்கிற வேலை அருமையான வேலைதான், அதுல சந்தேகமே இல்ல. பஞ்ச எத்தன நாள் தண்ணில போட்டாலும் ஊறும், கரையாது, ஏன்னா செல்லுலோஸ் சங்கிலிங்க ஹைட்ரஜன் பிணைப்பால ஒண்ணையொண்ணு இறுக்கிப் பிடிச்சிட்டு அடுக்கடுக்கா நிக்குது. அயனித் திரவம்னா உப்புதான், 100 டிகிரிக்குக் கீழயே உருகிடுற உப்பு. அதுல இருக்குற குளோரைடோ அசிடேட்டோ போய் சங்கிலிங்களோட ஹைட்ராக்சில்கள (ஒண்ணையொண்ணு பிடிச்சிக்கிற கைங்க மாதிரி) பிடிச்சுக்கும், அப்புறம் சங்கிலிங்களுக்கு பக்கத்துல இருக்குறத பிடிக்க கை இருக்காது, பிரிஞ்சிடும். 1934லயே கிரேனாக்கர்ங்கிற வேதியியலாளர் இந்த மாதிரி உப்புல செல்லுலோஸ கரைக்கிறதுக்கு பேடன்ட் வாங்கிட்டாரு, அமெரிக்காவோட அலபாமா பல்கலைக்கழகத்துல ராபின் ராஜர்ஸ் குழு 2002ல மைக்ரோவேவ் சூட்டோட கரைசல்ல 25 சதவீதம் வரைக்கும் செல்லுலோஸ் இருக்குற அளவுக்கு கரைச்சு காட்டின பிறகுதான் எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.

ரேயான் நூல் எடுக்குற விஸ்கோஸ் முறைல கார்பன் டைசல்பைடு வேணும், அது தொழிலாளிங்களோட நரம்பையே பாதிக்கிற விஷம். அது இல்லாம நூல் எடுக்க முடியும்னா கண்டிப்பா வரணும், நானும் அதுக்குதான் ஆசைப்படுறேன்.

ஆனா கரைச்சத நூலா மாத்த தண்ணிலதான் விடணும், அப்போ விலை கூடின அந்த உப்பு மொத்தமும் தண்ணியோட கலந்துடும். திரும்ப எடுக்கணும்னா தண்ணிய ஆவியாக்கணும், அதுக்கு எவ்ளோ எரிபொருள் போகும்னு யோசிச்சுப் பாருங்க, அதுவும் கொஞ்சம் தண்ணி மிச்சம் இருந்தா கூட அடுத்த தடவ செல்லுலோஸ் சரியா கரையாது. நீளமான கார்பன் வால் இருக்குற இமிடசோலியம் உப்புங்க (இந்த அயனித் திரவங்கள்ல ஒரு வகை) ஆத்துல கலந்தா மீன், பாசிக்கெல்லாம் விஷம். காத்துல போகலங்கிறதுக்காக தண்ணில போகாதுன்னு ஆயிடுமா?

அதனால ஒரு வேண்டுகோள் சார், இனிமே இந்த மாதிரி ஆலை வருதுன்னு நியூஸ் போடும்போது கரைப்பான்ல எத்தன சதவீதம் திரும்ப எடுக்குறாங்க, தண்ணிய பிரிக்க எவ்ளோ மின்சாரம், கழிவுநீர்ல எவ்ளோ உப்பு போகுது, இந்த மூணையும் உங்க நிருபர் கேட்டு எழுதணும். பதில் சொல்லலன்னா சொல்லலன்னு போடுங்க.

இப்படிக்கு
உங்கள் வாசகர்